செங்கம் சாலையில் இத்தாலிய வினைகள்

கார்த்திகை தீபம் முடிந்து மாசி வரை திருவண்ணாமலையின் செங்கம் சாலையில் நடந்தால் பல மொழிகள் காதில் விழும். சேஷாத்திரி ஆசிரமத்தைத் தாண்டி ரமணாசிரமத்தின் வாசல்வரை உள்ள டீக்கடைகளிலும் பழக்கடைகளிலும் தெலுங்கு, கன்னடம், ஜெர்மன், பிரெஞ்சு, ருஷ்யன், இவற்றுக்கு நடுவே இத்தாலியமும் கேட்கும். வந்து சில வாரம் தங்குகிற வெளிநாட்டவர்கள் தமிழில் முதலில் பிடித்துக்கொள்ளும் வினைச்சொற்கள் எவை என்று கவனித்தால் விடை எளிது: வா, போ, தா, சொல். இவை இல்லாமல் ஆட்டோவும் ஏற முடியாது, இட்லியும் வாங்க முடியாது.

இந்த நான்கும்தான் தமிழ் கற்பிக்கும் புத்தகங்களில் பொது வாய்பாட்டுக்கு அடங்காமல் தனியே நிற்பவை. வா என்பது வந்தேன், வருகிறேன் என்று மாற வேண்டும். போ என்பது போகிறேன், போனேன், போவேன் என்று மூன்று காலத்துக்கும் மூன்று தோற்றம் கொள்கிறது. சொல் என்பதன் இறந்தகாலம் சொல்லினேன் அல்ல, சொன்னேன்.

அதே சாலையில் விடுதி நடத்தும் ஓர் உள்ளூர் இளைஞர் விருந்தினருக்காக இத்தாலியம் கற்கத் தொடங்கினால் அவருக்கும் முதல் நாளே தேவைப்படுவது இதே நான்குதான். வர வெனீரே, போக அந்தாரே, தர தாரே, சொல்ல தீரே. நான்கும் இத்தாலியத்தில் ஒழுங்கற்ற வினைகள். இது தற்செயல் இல்லை. வினைகளை மொழி எப்படி நினைவில் வைத்துக்கொள்கிறது என்பதன் நேரடி விளைவு. இத்தாலிய வினைகளை ஆங்கிலப் பாடநூல்களின் அட்டவணை வழியாக மனப்பாடம் செய்யும் தமிழர், தன் பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே கற்ற மிகக் கூர்மையான கருவியைக் கையில் வைத்துக்கொண்டே அதை எடுக்காமல் விடுகிறார் என்பது என் வாதம்.

அந்தக் கருவி பகுபத உறுப்பிலக்கணம். பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய யாருக்கும் 'வந்தான்' மறந்திருக்காது. வா + த் + த் + ஆன். வா பகுதி, அது 'வ' எனக் குறுகியது விகாரம். முதல் த் சந்தி; அது 'ந்' ஆனது விகாரம். இரண்டாம் த் இறந்தகால இடைநிலை. ஆன் படர்க்கை ஆண்பால் வினைமுற்று விகுதி. தேர்வுக் கேள்வியாக நாம் கடந்துபோன இந்தப் பிரிப்பில் ஒரு பெரிய நிலைப்பாடு இருக்கிறது. வினை 'ஒழுங்கு தவறிவிட்டது' என்று அது எங்கும் சொல்வதில்லை. ஓர் உறுப்பு இன்ன இடத்தில் இன்னதாக மாறியது என்று மட்டும் சொல்கிறது. மாற்றத்துக்கு இடமும் பெயரும் உண்டு.

இப்போது வெனீரே. நிகழ்காலத்தில் அது நடக்கும் விதம் இது: நான் வருகிறேன் வெங்கோ, நீ வருகிறாய் வியேனி, அவன் வருகிறான் வியேனே, நாம் வருகிறோம் வெனியாமோ, நீங்கள் வருகிறீர்கள் வெனீத்தே, அவர்கள் வருகிறார்கள் வெங்கொனோ. அட்டவணையாகப் பார்த்தால் ஆறு பெட்டிகளில் மூன்று முகம். உறுப்பாகப் பிரித்தால் பகுதி எங்கும் ஒன்றே: வென். நாம், நீங்கள் என்ற இரண்டு இடங்களில் அது அப்படியே இருக்கிறது, ஏனென்றால் அங்கே அழுத்தம் விகுதியின்மேல் விழுகிறது. நீ, அவன் என்ற இடங்களில் அழுத்தம் பகுதியின்மேல் விழுகிறது. இலத்தீனின் குறில் எகரம் அழுத்தம் பெற்று, அசை திறந்தும் நின்றால் இத்தாலியத்தில் 'இயெ' என்று விரியும். அதனால் வியேனி. நான், அவர்கள் என்ற இடங்களில் இலத்தீனில் பகுதிக்குப் பின் இகரம் ஒன்று ஒட்டி நின்றது. அது ன் என்னும் ஒலியோடு கலந்து பழைய இத்தாலியத்தில் 'வெஞ்ஞோ' போல ஒலித்தது. பின்னர் 'வெங்கோ' என்று நிலைத்தது. ஆக விகாரம் இரண்டு. இரண்டுக்கும் காரணம் ஒலியில் இருக்கிறது.

அழுத்தத்தின் இந்த விளையாட்டைப் புரிந்துகொண்டால் இன்னொரு பெரிய கூட்டம் வசமாகும். இறக்க மொரீரே: நான் இறக்கிறேன் முவோயோ, நாம் இறக்கிறோம் மொரியாமோ. அழுத்தம் பகுதியில் இருந்தால் ஒகரம் 'உவொ' ஆகிறது, இல்லாவிட்டால் ஒகரமாகவே இருக்கிறது. போக என்னும் அந்தாரேயில் இது உச்சத்துக்குப் போகிறது. அழுத்தம் பகுதியில் விழும் நான்கு இடங்களிலும் வாதோ, வாய், வா, வான்னோ. விகுதியில் விழும் இரண்டு இடங்களில் அந்தியாமோ, அந்தாத்தே. ஒரே வினைக்குள் இரண்டு வேர்கள் குடியிருக்கின்றன. வா என்ற பக்கம் இலத்தீனின் வாதெரே என்ற வினையிலிருந்து வந்தது. அந்தாரே எந்த இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்பதில் அறிஞர்கள் இன்னும் ஒருமனப்படவில்லை. ஆனால் யார் எந்த வீட்டில் இருப்பது என்ற பங்கீடு மட்டும் மொரீரேயில் பார்த்த அதே பங்கீடு. ஆக்ஸ்ஃபர்டின் மொழியியலாளர் மார்ட்டின் மெய்டன் இலத்தீன் வழிவந்த மொழிகள் முழுக்க இந்தப் பங்கீட்டின் தடத்தைப் பின்தொடர்ந்து, அதற்கு வடிவ அடிப்படையில் தனிப் பெயரே சூட்டியிருக்கிறார். 'ஒழுங்கற்ற' என்று நாம் அழைப்பவை தமக்குள் இவ்வளவு ஒற்றுமையோடு நடந்துகொள்கின்றன.

எதிர்காலம் இன்னும் சுவையானது, ஏனென்றால் அங்கே நம் புணர்ச்சி விதியே கண்முன் நடக்கிறது. வருவேன் என்பது வெர்ரோ. வெனீரே என்ற எச்சத்தோடு 'ஓ' என்ற விகுதி சேர்கிறது. நடுவிலிருந்த ஈகாரம் தேய்ந்து வென்ரோ ஆகிறது. ன் அடுத்த ரகரத்தைப் போல மாறி வெர்ரோ ஆகிறது. விரும்ப என்னும் வொலேரே இதே வழியில் வொல்ரோ ஆகி வொர்ரோவில் முடிகிறது. கல் என்பதோடு தகரம் சேர்ந்து கற்றான் ஆவதையும், கேள் என்பது கேட்டான் ஆவதையும் சிறுவயதிலேயே கண்ட நமக்கு இது புதிதா? மெய்யும் மெய்யும் மோதினால் ஒன்று மற்றொன்றாகும் என்பது நம் எழுத்ததிகாரத்தின் அன்றாடப் பாடம். அந்த 'ஓ' விகுதியின் வரலாறும் தமிழருக்கு நெருக்கமானது. அது ஒருகாலத்தில் 'வைத்திருக்கிறேன்' என்று பொருள்படும் தனித் துணைவினை. வந்து விட்டேன் என்பது வந்துட்டேன் என்று ஒட்டிக்கொண்டதுபோல, எச்சத்தின் பின்னால் நின்ற துணைவினை தேய்ந்து விகுதியாகிவிட்டது.

ஏன் அடிக்கடி புழங்கும் வினைகளே இப்படி இருக்கின்றன? 2007இல் நேச்சர் இதழில் எரெஸ் லீபர்மன், ழான் பாப்டிஸ்ட் மிஷெல், மார்ட்டின் நோவாக் உள்ளிட்டோர் ஆங்கிலத்தை எடுத்துக்கொண்டு இதை அளந்து காட்டினார்கள். பழைய ஆங்கிலத்தில் இருந்த 177 ஒழுங்கற்ற வினைகளைப் பட்டியலிட்டார்கள். இடைக்கால ஆங்கிலத்தில் அவற்றில் 145 அப்படியே இருந்தன. இன்று 98 மிச்சம். எது தப்பியது, எது பொது விதிக்குள் கரைந்தது என்பதைப் புழக்கத்தின் அளவு தீர்மானித்திருந்தது. நூறு மடங்கு குறைவாகப் பேசப்படும் வினை, பத்து மடங்கு வேகமாக ஒழுங்குக்குள் வந்துவிடுகிறது. வாயில் தினமும் இருப்பது தன் பழைய முகத்தைக் காத்துக்கொள்கிறது. எப்போதாவது வருவதைப் பேசுபவர் மறந்துவிட்டு, பொது விதியை வைத்துப் புதிதாகச் செய்துகொள்கிறார். காண்கிறேன் என்பதற்கு இத்தாலியப் பழம்பாடல்களில் வெஜ்ஜோ போன்ற வடிவங்கள் உண்டு. இன்று வெதோ என்ற நேரான வடிவமே நிலைத்துவிட்டது. ஆனால் வெங்கோ அசையவில்லை.

தமிழிலும் வா என்பதன் வயது இப்படித்தான் தெரிகிறது. கிரிவலம் வரும் கன்னடக்காரர் பா என்று கூப்பிட்டு, வந்தேன் என்பதற்குப் பந்தெ என்பார், வருகிறேன் என்பதற்குப் பருத்தேனெ என்பார். மலையாளத்தில் வா, வரு, வந்நு. மொழிகள் பிரிந்து எத்தனையோ நூற்றாண்டு ஆகியும் நெடில், குறில், மெல்லினம் என்ற இந்த மாற்றம் ஒன்றாகவே கூட வந்திருக்கிறது. பொது மூதாதை மொழியிலேயே இந்த 'விகாரம்' இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

தமிழின் உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். விழு, எழு, அழு, உழு, தொழு என்ற ஐந்தையும் பாருங்கள். விழுந்தான், எழுந்தான், ஆனால் அழுதான், உழுதான், தொழுதான். சொல்லின் வடிவத்தைப் பார்த்து எது எப்படிப் போகும் என்று யாராலும் ஊகிக்க முடியாது. ஆசிரமத்தில் தமிழ் படிக்கும் ஓர் இத்தாலியர் 'அழுந்தேன்' என்று சொன்னால் அவருடைய தர்க்கத்தில் குறையில்லை. இதைச் சமாளிக்கத்தான் நன்னூல் தன் 137ஆம் நூற்பாவில் நட, வா, உண், தின், செல், கேள் என்று 23 மாதிரி வினைகளை ஈறு வாரியாக அடுக்கியது. கார்ல் கிரவுல் 1855இல் வெளியிட்ட தமிழ் இலக்கணச் சுருக்கத்தில் காலம் காட்டும் இடைநிலையை வைத்து வினைகளை 12 வகுப்பாக்கினார். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் அந்த எண்ணிக்கையையே கைக்கொண்டது. இத்தாலியம் பேச என்னும் பார்லாரே போல ஆரே என்று முடிபவை, எரே என்று முடிபவை, ஈரே என்று முடிபவை என மூன்று வகுப்போடு நிறுத்திக்கொண்டு, சிக்கலில் பெரும்பகுதியை எரே வகுப்பில் குவித்திருக்கிறது. ஆரே வகுப்பில் ஒழுங்கு மீறுபவை நான்கே.

புதிய சொற்களை இரு மொழிகளும் நடத்தும் விதத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. இத்தாலியருக்குத் தொலைபேசியும் கணினியும் வந்தபோது தெலெஃபொனாரே, க்லிக்காரே என்று ஆரே வகுப்பில் நேராகச் சேர்த்துக்கொண்டார்கள். தமிழ் தன் 12 வகுப்புக்குள் வெளியாளை விடுவதில்லை. போன் பண்ணு, கிளிக் பண்ணு, டவுன்லோட் பண்ணு என்று எல்லாச் சுமையையும் பண்ணுவின் தோளில் ஏற்றிவிடுகிறது. இதைச் சோம்பேறித்தனம் என்று சிலர் குறைசொல்வதை நான் ஏற்கவில்லை. எந்த வகுப்பில் வைப்பது என்று ஊகிக்க முடியாத மொழி கண்டுபிடித்த மிகச் சிறந்த வழி அது.

இத்தாலியர் ஒருவர் தமிழ் வினையோடு மல்லாடியதும் நம் வரலாற்றில் உண்டு. காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே என்னும் ஊரில் 1680இல் பிறந்து, 1711இல் தமிழகம் வந்து, ஏலாக்குறிச்சியில் திருக்காவலூர்க் கோயிலை நிறுவிய கான்ஸ்டன்ஸோ பெஸ்கி, நம் வீரமாமுனிவர். அவர் இலக்கணம் எழுதுவதற்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியரான ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் இலத்தீன் சட்டகத்தில் தமிழ் வினைகளை அடுக்கி ஓர் இலக்கணம் எழுதியிருந்தார். லிஸ்பனில் கிடந்த அந்தக் கையெழுத்துப் பிரதியை ஜீன் ஹெய்னும் வி. எஸ். ராஜமும் ஆங்கிலத்தில் பெயர்த்து 2013இல் வெளியிட்டார்கள். பெஸ்கி இரண்டு பக்கத்திலிருந்தும் வேலை செய்தார் என்பதுதான் அவருடைய தனித்தன்மை. புதிதாக வரும் குருமார்களுக்காகப் பேச்சுத் தமிழின் இலக்கணத்தை 1728இல் இலத்தீனில் எழுதினார். அது 1738இல் தரங்கம்பாடியில் அச்சானது, அதுவும் அவர் கடுமையாக மறுத்து எழுதிவந்த லுத்தரன் சபையினரின் அச்சகத்தில். தமிழ்ப் புலவர்களுக்காகவோ எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்ற நம் ஐந்திலக்கண முறையிலேயே, நூற்பாக்களாக, தொன்னூல் விளக்கம் செய்தார். இலத்தீன் கண்ணாடியில் தமிழைப் பார்க்கத் தெரிந்தவர், தமிழ் இலக்கணத்தின் கண்ணாலும் தமிழைப் பார்த்தார். அவர் செய்யாமல் விட்ட மூன்றாவது வேலை ஒன்று உண்டு: தமிழ் இலக்கணத்தின் கண்ணால் அவருடைய தாய்மொழியைப் பார்ப்பது. அது நம்முடையது.

அப்படிப் பார்த்தால் தொல்காப்பியமே கைகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. கிளவியாக்கத்தில் செலவு, வரவு, தரவு, கொடை என்று நான்கு வினைகளைப் பிரித்து, வருதலும் தருதலும் தன்மை, முன்னிலை இடங்களுக்கு, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு என்று அது வரையறுக்கிறது. அதனால்தான் எதிரில் இருப்பவரிடம் 'நாளைக்கு உங்க வீட்டுக்கு வர்றேன்' என்கிறோம், 'போறேன்' என்பதில்லை. இத்தாலியரும் அந்த இடத்தில் வெங்கோதான் சொல்வார். ஸ்பானியர் 'போகிறேன்' என்பார். ஸ்பானியம் பேசும் மாணவருக்குக் குறிப்பு எழுதி விளக்க வேண்டிய ஒன்று, தமிழருக்கு நாக்கிலேயே இருக்கிறது.

மரியாதையும் அப்படித்தான். தமிழில் வாங்க, போங்க, தாங்க, சொல்லுங்க என்று ஒரே விகுதியை ஒட்டினால் போதும். இத்தாலியத்தில் மதிப்புக்குரியவரைப் படர்க்கையில் வைத்து, விருப்பப் பொருள் தரும் வடிவத்தில் அழைக்க வேண்டும்: வாங்க என்பதற்கு வெங்கா, போங்க என்பதற்கு வாதா, தாங்க என்பதற்குத் தியா, சொல்லுங்க என்பதற்குத் தீக்கா. பாடநூல்கள் இந்த வடிவங்களைக் கடினம் என்று பின்பாதிக்குத் தள்ளிவைக்கின்றன. விடுதி வாசலில் நிற்பவருக்கோ முதல் சொல்லே 'வெங்கா'. இங்கும் உறுப்பிலக்கணம் உதவுகிறது: வெங்கோ, தீக்கோ, வாதோ என்ற தன்மை ஒருமையை எடுத்து, ஓகார விகுதியைக் களைந்து ஆகாரத்தை இட்டால் மரியாதை வடிவம் தயார். தியா மட்டும் இந்த வழிக்கு வராது, அதைத் தனியே பழக வேண்டும்.

இந்த ஊரின் மூலக் கேள்வியும் ஒரு வினையை மையமாகக் கொண்டு இரு மொழிகளையும் பிரிக்கிறது. 1902 வாக்கில் அண்ணாமலையின் விரூபாட்ச குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்க, மௌனமாக இருந்த ரமணர் எழுதிக்காட்டிய விடைகளிலிருந்து பிறந்தது 'நான் யார்?' என்னும் சிறு நூல். அந்தத் தலைப்பில் வினையே இல்லை. தமிழ்ப் பெயர்ச்சொல் இரண்டு அருகருகே நின்றாலே வாக்கியம் முடிந்துவிடும். இத்தாலியர் அதைக் கேட்க வேண்டுமானால் கீ ஸோனோ இயோ என்று 'இருக்கிறேன்' என்னும் ஸோனோவை நடுவில் நிறுத்தியாக வேண்டும். அந்த ஸோனோவின் மூலவினையாகிய எஸ்ஸெரேதான் இத்தாலியத்திலேயே மிக அதிகமாக முகம் மாறுவது. ஸோனோ, ஸேய், எ என்பவை ஒரு வேரிலிருந்து வருகின்றன. சமஸ்கிருதத்தின் அஸ்மி, அஸ்தி அதன் உறவு. இருந்தேன் என்னும் ஃபூயி இன்னொரு வேர். பவ, பூதம் என்று நாம் அறிந்தது. இருந்திருக்கிறேன் என்று சொல்ல ஸ்தாத்தோ என்று மூன்றாவது வேர். ஸ்திதி என்பதில் உள்ளது. உபதேச உந்தியாரைத் தமிழில் பாடி, அதைத் தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் மலையாளத்திலும் தாமே ஆக்கிக்கொடுத்தவர் ரமணர். வினையுள்ள மொழிக்கும் இல்லாத மொழிக்கும் இடையே அந்தக் கேள்வியைக் கொண்டுசெல்வது எவ்வளவு நுட்பமான வேலை என்பது அவர் வாழ்ந்த ஊரில் புரியாமல் போகக்கூடாது.

இந்த ஊருக்கென்று ஓர் இத்தாலிய வினைக் கையேடு எழுத வேண்டும் என்று நான் உண்மையாகவே விரும்புகிறேன். அதில் பார்லாரேக்கு முன்னால் வெனீரே வர வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் நான், நீ, நாம் என்ற மூன்று வடிவம் போதும். மற்றவை பெரும்பாலும் அவற்றிலிருந்து கிடைத்துவிடும். ஒவ்வொன்றின் கீழும் பகுதி, சந்தி, விகுதி, விகாரம் என்று பிரித்துக்காட்ட வேண்டும். ப்ரேஸி (எடுத்தேன்), ப்ரெந்தெஸ்தி (எடுத்தாய்) என்று போகும் தொலை இறந்தகாலத்தைக் கதை படிக்கத் தொடங்கும்வரை ஒத்திவைக்கலாம். அதிலும் விகாரம் ஆறு இடத்தில் நான், அவன், அவர்கள் என்ற மூன்றில்தான் நிகழ்கிறது. பேச்சுக்கு வேண்டிய இறந்தகாலம் துணைவினையோடு வருவது. தந்தான் என்பதற்கு ஆ தாத்தோ. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. ஆனால் வருதல், போதல் போன்ற வினைகளில் எஸ்ஸெரே துணையாக வந்து, எச்சம் பால் காட்டும்: வந்தான் எ வெனூத்தோ, வந்தாள் எ வெனூத்தா. வினைமுற்றில் ஆண்பாலையும் பெண்பாலையும் பார்த்தே வளர்ந்த நமக்கு, இங்கே பழக வேண்டியது தந்தான், தந்தாள் என்ற வேறுபாட்டை விட்டுவிட்டு 'ஆ தாத்தோ' என்று சொல்வதைத்தான்.